லாசரின் ஆமை

பிப்ரவரி 5, ஞாயிறு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி பிரகாசி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போடமாட்டாளாம். மாதா கோயில் மாதர் சங்கத்துக்குத் தீர்மானம் எழுதுகிற தமிழில் திருத்தித்தான் போடுவாளாம். போடட்டும். நடந்தது மாறாமல் இருந்தால் சரி.

இன்று லாசர் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டான்.

நாங்கள் ஆறு பேர். தூத்துக்குடி துறைமுகத்திலும் கடலிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே கிறுக்கு, ஜப்பான் வாட்ச். பேட்டரி போட்டதைத் தொடமாட்டோம், ஆட்டோமேட்டிக்தான். அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று இருக்கிறது; கை ஆட ஆட அது சுற்றி வாட்சுக்கு முறுக்கேற்றும். கட்டியிருந்தால் ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாள் ஓடிவிட்டு நின்றுவிடும்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் கூடுவோம். ஒருவன் வாட்சை இன்னொருவனுக்கு ஒரு வாரம் கட்டக் கொடுப்பது எங்கள் வழக்கம். சட்டம் ஒன்றே ஒன்று: ஓடுகிற வாட்சை வாங்கினால் ஓடுகிற வாட்சாகத் திருப்பித் தர வேண்டும். நின்றதைக் கொண்டுவந்தால், கட்டாமல் அலமாரியில் போட்டு வைத்தாய் என்று அர்த்தம். வருகிற வழியில் குலுக்கி ஓடவிட்டுக் கொண்டுவருவது அதைவிடக் கேவலம்.

லாசர் சங்கு குளித்தவன். அவனிடம் இருப்பது சீக்கோவின் முக்குளி வாட்ச். உருண்டு பருத்த அதன் உடம்பைப் பார்த்து ஆமை என்போம். கடலுக்கடியில் அவன் மூச்சுக்குக் காவலாக இருந்த வாட்ச் அது. யாருக்கும் கொடுத்ததில்லை. போன வாரம் முதல்முறையாக எனக்குக் கொடுத்தான். இன்று நான் அதை நின்ற வாட்சாகத் திருப்பிக் கொடுத்தேன்.

காதில் வைத்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

“என்னவே, செத்துக் கெடக்கு?”

“நேத்து மத்தியானம் வரைக்கும் ஓடிச்சு லாசரு. கையில இருக்கும்போதே நின்னுட்டு.”

“கையில இருக்கும்போதே நிக்குமா? இது என்ன, நின்ன மேனிக்குத் தூங்குத கழுதையா?”

“மாதா சத்தியமா கட்டுனேன்.”

“மாதாவ ஏன்வே இழுக்க? பொட்டிக்குள்ள போட்டு வச்சேன், மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்.”

சலேத் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். “மிக்கேலு அண்ணனுக்கு ஞாபகம் ஜாஸ்தில்லா? கட்டாததும் சேத்து ஞாபகம் இருக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ஆத்திரம். “ஒன் வாட்சுலதான் கோளாறு” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. லாசர் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“முப்பது அடித் தண்ணிக்குள்ள நிக்காதது ஒன் வீட்டுப் பாயில நின்னுட்டோ? பொய்யி சொல்லுததுக்கும் ஒரு தெறம வேணும்வே. இந்தா, திரும்பக் கொண்டுபோ. ஓட விட்டுக் கொண்டா. இல்லன்னா இந்தப் பெஞ்சுப் பக்கமே வராத.”

வாட்ச் ரிப்பேர் செய்யும் கலீல் பாயும் இருந்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தினமும் என்ன ஆவுதுன்னு வீட்டுல சொல்லி எழுதி வைங்க அண்ணாச்சி. வாய்ப்பேச்சா சொன்னா யாரு கேக்கா?” என்றார். என் ஞாபகத்துக்கு எழுத்து எதற்கு? என் பதினோரு வாட்சும் எந்தக் கப்பலில் யார் கையிலிருந்து வந்தது, அன்று அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்பதுவரை சொல்வேன். ஆனாலும் இன்று யாரும் என்னை நம்பவில்லை. அதனால்தான் இந்த எழுத்து.

பிப்ரவரி 6, திங்கள்

குளித்ததும் ஆமையைக் கட்டினேன். கட்டுகிற அசைவிலேயே உயிர் வந்துவிட்டது. ஓடுகிறது.

சட்டைப் பொத்தானைப் பிரகாசி மாட்டிவிட்டாள். பூசைக்கு நேரமாகிவிட்டதல்லவா, அவளுக்கு அவசரம்.

மார்க்கெட்டில் சாளை வாங்கிவந்தேன். “கெட்டுப்போன மீனப் போயி வாங்கிட்டு வந்திருக்கீங்களே, தெருமுனையில வரும்போதே நாறுது” என்று சத்தம் போட்டாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. இப்போதெல்லாம் மீனுக்கே வாசம் கிடையாது. எல்லாம் ஐஸில் போட்டு வைக்கிறார்கள்.

பிப்ரவரி 7, செவ்வாய்

ஓடுகிறது. தூங்கும்போதும் கழற்றவில்லை.

சத்தமாகச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள் என்கிறாள் பிரகாசி. அவளுக்குக் காது மந்தமாகி வருகிறது.

பிப்ரவரி 8, புதன்

நின்றுவிட்டது.

பனிமய மாதா கோயில் மதிய மணி அடித்தபோது பார்த்தேன், ஓடியது. சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது பார்த்தேன், வினாடி முள் அசையவில்லை. கையில் கட்டியபடியே. தட்டினேன். இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு மறுபடி நின்றது.

இதை எழுத வேண்டாம் என்றேன். “பெறகு எதுக்கு நோட்டு?” என்று எழுதுகிறாள்.

எனக்கு ஆரோக்கியம் என்கிற சிநேகிதன் நினைப்பு வந்தது. என்னோடு கப்பலில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டியவன். சிட்டிசன் கட்டியிருப்பான், வெள்ளை முகம், தங்கக் கலர் முள். ஒரு விடியற்காலை படுத்த பாயிலேயே போய்விட்டான். மறுநாள் பெட்டியில் வைத்து மூடுகிறதுக்கு முந்தி அவன் தம்பி வாட்சைக் கழற்றினான். “அண்ணே, இது ஓடுதே” என்று என்னிடம் காட்டினான். இருக்கிற முறுக்கில் ஓடத்தான் செய்யும், அதில் அதிசயமில்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் அதைக் கையில் வைத்துக்கொள்ள முடியாமல் என்னிடம் தந்தான்.

செத்தவன் கையில் ஓடியது. உயிரோடு இருக்கிறவன் கையில் நிற்கிறது.

இதையும் எழுதிவிட்டாளா என்று கேட்டேன். குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 9, வியாழன்

ஒருவருக்கும் தெரியாமல் கலீல் பாய் கடைக்குப் போனேன். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். தகடு நெய்யாகச் சுற்றுகிறது என்றார். எண்ணெய் காயவில்லை, பல் தேயவில்லை. “எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, நானே கட்டிப் பாக்கேன்.”

“லாசருட்ட சொல்லிராதீங்க பாய்.”

“சொல்லமாட்டேன். ஏன் அண்ணாச்சி அந்தக் கைய மடியிலயே வச்சிருக்கீங்க? வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. பழக்கம்.”

வீட்டுக்கு வந்து என்னுடைய நீல முகச் சீக்கோவைக் கட்டிக்கொண்டேன். ஜப்பான் கப்பல் சமையற்காரன் ஒருவன் என் லுங்கிக்கு ஆசைப்பட்டு மாற்றிக்கொண்டது அது. இத்தனை வருஷமும் என் கையில் நின்றது கிடையாது.

பிப்ரவரி 10, வெள்ளி

பாய் ஆமையைத் திருப்பித் தந்தார். துள்ளி ஓடுகிறது. “வாட்ச் தங்கம்” என்றார். மேலே ஏதோ சொல்ல வந்தவர், என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 11, சனி

கையில் கட்டியிருந்த நீல முகச் சீக்கோவும் நின்றது.

காரணம் பிடிபட்டுவிட்டது. காந்தம். வாட்சுக்குக் காந்தம் ஆகாது. டிவி, மிக்ஸி, பிரகாசியின் தையல் மிஷின் மோட்டார், எல்லாம் காந்தம். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். தையல் மிஷினை அடுப்படிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

“அலமாரியில இருக்க மத்த வாட்செல்லாம் எடுத்து ஆட்டினா ஓடுதே. அதுகளுக்குக் காந்தம் பிடிக்கலையாக்கும்?”

“அதுக தள்ளி இருக்கு.”

“கலீல் பாய் கையில ஓடுச்சு. ஒங்க கையில நிக்கி. அப்போ காந்தம் எங்க இருக்கு?”

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. முப்பது வருஷம் வின்ச் பிடித்த கை இது. கப்பலின் வயிற்றிலிருந்து நான் தூக்கிய சுமை ஒன்றாவது ஆடியிருக்குமா, கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

முதல் பூசைக்கே போய்விட்டு வந்து படுத்துக்கொண்டேன். பெஞ்சுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன்.

பத்து மணிவாக்கில் சலேத் சைக்கிளை நிறுத்தாமலே வாசலில் கத்திக்கொண்டு போனான்: “ஆமை உயிரோட இருக்கா, அடக்கம் பண்ணியாச்சா?” லாசர் சொல்லி அனுப்பினானா, இவனாகக் கத்தினானா, தெரியாது. லாசர் வந்து எட்டிப் பார்ப்பான் என்று மத்தியானம் வரை காத்திருந்தேன். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் சுக்குக் காப்பியோடு வந்து உட்கார்ந்துகொள்கிறவன். வரவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

சனிக்கிழமை முதல் கட்டியிருந்த ஆமை மறுபடி நின்றது. வலது கையில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். சட்டப்படி தப்புதான். கொஞ்சம்தான் குலுக்கினேன். உடனே ஓடத் தொடங்கி அரை நாளுக்கு மேல் ஓடியது.

ஓடாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 14, செவ்வாய்

பஜாரில் புதிதாக ஒரு ஜவுளிக்கடை திறந்திருக்கிறார்கள். முகப்பு முழுவதும் கண்ணாடி. அதில் எதிரே ஒரு கிழவன் வந்தான். வலது கையை வீசி நடந்தான். இடது கையில் கனமாகப் பை வைத்திருக்கிறவன் மாதிரி அதை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டிருந்தான். பாவம், பையை ஒரு இடத்தில் இறக்கி வைத்தால் என்ன என்று நினைத்தேன். பை இல்லை.

வாங்கப் போன தேங்காயை வாங்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, புதன்

அவர் இன்று சொல்ல ஒன்றுமில்லை என்றார். நானாக எழுதுகிறேன். காலையில் செருப்பு மாட்ட வெகுநேரம் ஆனது. பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன். — பிரகாசி

பிப்ரவரி 16, வியாழன்

காலையில் பிரகாசி மீன் கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துல நரம்பு டாக்டரம்மா ஒருத்தி இருக்காளாம். நாளைக்குச் சீட்டு வாங்கியிருக்கேன்.”

“யாருக்கு?”

“ஆமைக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. வாட்ச் நின்றால் வாட்ச்காரனிடம் போக வேண்டும், நரம்புக்காரியிடம் எதற்கு என்று கத்தினேன். கத்தினது அவ்வளவாகக் கேட்கவில்லை. அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“சரி. போவண்டாம். ஞாயித்துக்கிழம லாசரு அண்ணங்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

அதைத்தான் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டினேன், நின்றது என்றால் பொய்யன் என்பான். கட்டத்தான் செய்தேன், கைதான் ஆடவில்லை என்று சொன்னால் நம்புவான். ஆனால் பொய்யன் என்றால் சண்டை போடலாம். சீக்காளி என்றால் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். சலேத் கூடக் கிண்டல் பண்ணமாட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

பிரகாசி தன் கையை நீட்டினாள்.

“இதுல கட்டி விடுங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் நான் ஓட்டித் தாரேன். நீங்க நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்.”

“அது கள்ளத்தனம்.”

“குலுக்குததுதான கள்ளத்தனம்? நான் குலுக்கல. என் சோலியப் பாக்கேன். அதுபாட்டுக்கு ஓடட்டும்.”

ரப்பர் பட்டை அவள் மணிக்கட்டுக்குப் பெரிது. வளையல் மாதிரி சுற்றியது. ஆணியைச் சூடாக்கி, உள்பக்கமாகத் தள்ளி ஒரு ஓட்டை போட்டாள். அடுத்தவன் பொருளில் ஓட்டை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

டாக்டரம்மா சின்னப் பெண். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னாள். வலது கை தட்டியது. இடது கை நாலைந்து தட்டுக்குப் பிறகு தயங்கித் தயங்கிச் சின்னதாகிவிட்டது. வராந்தாவில் நடக்கச் சொன்னாள். நடந்தேன். வாசம் தெரிகிறதா என்று கேட்டாள். நல்ல மீனாக இருந்தால் தெரியும் என்றேன். சிரித்தாள்.

“எவ்ளோ நாளா தாத்தா இப்படி இருக்கு?”

“இந்த மாசம்தான். வாட்ச் நின்னதுலயிருந்து.”

“ரெண்டு வருசமா பொத்தான நான்தாம்மா மாட்டுதேன்” என்றாள் பிரகாசி. அவள் கையில் ஆமை. டாக்டரம்மா அந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோயின் பெயரைச் சொன்னாள். நீளமான பெயர். பிரகாசி எழுதிக்கொண்டாள், எனக்கு ஞாபகமில்லை. கை ஆடாததும், வாசம் தெரியாததும், குரல் இறங்குவதும் எல்லாம் அதனால்தானாம். மாத்திரை இருக்கிறது, கை ஓரளவுக்குக் கேட்கும், தினமும் நடக்க வேண்டும், பயப்படக் கூடாது என்றாள். பயப்படவில்லை என்றேன். பிரகாசி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

பிப்ரவரி 18, சனி

ஆமை பறக்கிறது. அம்மியில் மிளகாய் அரைக்கிறாள், முற்றம் பெருக்குகிறாள், துணியை அடித்துத் துவைக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியோடு கை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுகிறாள். லாசர் கடலில் கூட அதை இப்படி ஓட்டியிருக்கமாட்டான். சோறு வடிக்கும்போது தூக்கி மேலே தள்ளிவிட்டுக்கொள்கிறாள், ஆம்பிளை மாதிரி.

“கனமாத்தான் இருக்கு. இதக் கட்டிக்கிட்டா எப்படித்தான் கடலுக்குள்ள முங்குனாரோ லாசரு அண்ணன்” என்றாள்.



பிப்ரவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் பிரகாசி வாட்சைக் கழற்றித் தந்தாள். என் கையில் கட்டவில்லை. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பெஞ்சில் எல்லோரும் இருந்தார்கள். “வாரும்வே, அடக்கப் பூசை எத்தன மணிக்கு?” என்றான் சலேத். நான் கைக்குட்டையை அவிழ்த்து லாசரிடம் நீட்டினேன். அவன் காதில் வைத்தான்.

“ஓடுது” என்றான்.

சலேத் கையைத் தட்டினான். “மிக்கேலு அண்ணனுக்கு ஒரு ஸ்ட்ராங் டீ!” எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். கட்டினபோது ஒருத்தனும் நம்பவில்லை. கட்டாமல் கொண்டுவந்தேன், எல்லோரும் நம்பினார்கள். டீ கிளாஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

லாசர் வாட்சைக் கட்டப் போனவன் பட்டையைத் திருப்பிப் பார்த்தான். புது ஓட்டையில் விரலை வைத்தான். என் மணிக்கட்டைப் பார்த்தான். அது பழைய வின்ச்காரன் மணிக்கட்டு, இன்னும் தடிதான். நான் கிளாஸை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

இப்போது கேட்பான், இப்போது கேட்பான் என்று காத்திருந்தேன். “நல்லாத்தான் கட்டியிருக்க” என்று மட்டும் சொன்னான். நான் எழுந்து வரும்போது திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 20, திங்கள்

மாத்திரை குமட்டுகிறது. லாசருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் பெஞ்சில் சொல்லியிருப்பானா?

பிப்ரவரி 21, செவ்வாய்

யாரும் வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்விடுகிறேன்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

சாயங்காலம் லாசர் வந்தான். நெற்றியில் சாம்பல் சிலுவை. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. உதவிக்கு வரவில்லை. “மெதுவா வா, நான் ஒண்ணும் ஓடிரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவன்பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்தான். பிரகாசி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

மழை வருமா, வலையில் என்ன விழுகிறது என்று பேசினோம். காப்பி முடிந்ததும் தம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

“மிக்கேலு, மொத வாரம் நீ கட்டத்தான்வே செஞ்சிருக்க.”

நான் இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“பொய்யன்னு சொன்னேன்லா. பெஞ்சுல வச்சு, நாலு பேரு முன்னால. நான் ஒரு மடையன். ஒன் கையப் பாக்காம வாட்சப் பாத்துட்டேன்.”

“யாருட்டயும் சொல்லிராதடே.”

“நான் ஏன் சொல்லுதேன்? சலேத்து ஒன்னயக் கிண்டல் பண்ணாம இருந்தா அவனுக்குச் சோறு செமிக்காது. அவன் பொழைப்புல நான் ஏன் மண்ணப் போடணும்?”

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்தான். உள்ளே அவனுடைய இன்னொரு சீக்கோ, பச்சை முகம், தோல் பட்டை. ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த வாரத்துக்கு. ஞாயித்துக்கிழம ஓட விட்டுக் கொண்டா. சட்டம் சட்டம்தான்.”

வாசல்வரை போனவன் செருப்பை மாட்டிக்கொண்டே பிரகாசியைப் பார்த்து, “தங்கச்சி, அம்மி அரைக்கும்போது தண்ணி படாம பாத்துக்க, இது முக்குளி வாட்ச் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமாகத் தள்ளி ஒரு ஓட்டை, ஆணியால் சுட்டதில்லை, கருவியால் சுத்தமாகப் போட்டது. பிரகாசி கட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.